குறைமாதக் குழந்தையின் விழித்திரைப் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் ஆர்ஓபி என்ற விழித்திரை நோயைக் கண்டறியப் படமெடுக்கக் கற்பவர்கள், லென்ஸைத் துடைக்க மறப்பது போன்றவற்றைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை வேறு.

லென்ஸை அழுத்துவது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ரெட்கேம் போன்ற கேமராவின் லென்ஸ் குழந்தையின் கருவிழி மேலேயே உட்காருகிறது, இடையில் ஜெல். அதில் காற்றுக்குமிழி மாட்டினால் படம் மங்கும். உடனே அதைப் பிதுக்கி வெளியேற்ற அழுத்துகிறார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ரத்தக்குழாய்கள் வெளிறிச் சுருங்கிவிடுகின்றன. நாம் தேடுவதோ அந்தக் குழாய்கள் புடைத்து நெளிந்திருக்கின்றனவா என்பதைத்தான். அந்த 'ப்ளஸ்' அடையாளமே மறைந்துபோகிறது.

ஒருமுறை பயிற்சிக்கு வந்தவர் எடுத்த படத்தில் 2ஆம் மண்டலம் (நோய் விழித்திரையில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது), 3ஆம் நிலை (எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது), குழாய்கள் மெலிவு. 'ப்ளஸ் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று எழுதியும்விட்டார். பார்வை நரம்பு விழித்திரையைச் சேரும் இடமான பார்வை நரம்பு வட்டு வெளிறியிருந்தது எனக்கு உறுத்தியது. லென்ஸை எடுத்து, ஜெல்லை நிறைய விட்டு, பட்டும் படாமலும் வைக்கச் சொன்னேன். அதே கண்ணில் குழாய்கள் தடித்து முறுக்கிக்கொண்டு தெரிந்தன. ப்ளஸ் சேர்ந்தால் அது 48 முதல் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை தர வேண்டிய கண். ஒரு வாரம் விட்டிருந்தால் விழித்திரை பிரியவே தொடங்கியிருக்கலாம்.

சுண்டுவிரலைக் குழந்தையின் நெற்றியில் ஊன்றிக்கொள்ளுங்கள். கேமராவின் எடையை உங்கள் கை தாங்கட்டும். திரையில் வட்டின் மேல் தமனி துடிப்பது தெரிந்தால், அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

கண்பாவை விரியாவிட்டால் சொட்டு மேல் சொட்டு

பாவையை விரிக்க விடும் சொட்டு மருந்தான ஃபினைலெஃப்ரின் உடம்பில் ஏறினால் ரத்த அழுத்தம் கூடும். வழிவதை உடனே துடைத்துவிடுங்கள். விரியாத பாவை, நோய் முற்றியதன் அடையாளமாகவும் இருக்கலாம். மூத்த மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பால் குடித்த உடனே

கூடாது. புரையேறும்.

'நார்மல்' என்று எழுதுவது

இன்று நோய் இல்லை, சரி. விழித்திரை வளர்ந்து முடிந்ததா? குழாய்கள் ஓரம்வரை போய்ச் சேராத கண்ணில் அடுத்த வாரமே நோய் வரலாம். 'நார்மல்' என்று கேட்ட பெற்றோர் பலர் திரும்ப வருவதில்லை. 'வளர்ச்சி இன்னும் முடியவில்லை' என்று எழுதி, அடுத்த தேதியையும் அதே தாளில் குறித்துக் கொடுங்கள். தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கும் முன்பே அதைப் பெற்றோரிடம் வாய்விட்டும் சொல்லிவிடுங்கள்.