கிறிஸ்தவக் கல்லூரியில் ஆர்ட்ஸ் படிக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

"காலேஜ் பேர் போதும், கோர்ஸ் எதுவானாலும் பரவாயில்லை." பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் சென்னையில் அதிகம் கேட்கிற வசனம் இதுதான். பி.காம். கட் ஆஃபுக்கு மார்க் எட்டவில்லை, வரலாற்றில் சீட் இருக்கிறது, சேர்த்துவிடுவோம். அப்புறம் அப்படிச் சேர்ந்த பெண் மூன்று வருஷம் வரலாற்று வகுப்பில் உட்கார்ந்துகொண்டு மேசைக்கு அடியில் சி.ஏ. ஃபவுண்டேஷன் புத்தகத்தைப் புரட்டும். இரண்டும் உருப்படாது.

தற்செயலாகக் கிடைத்த பாடத்தில் ஜெயிக்க முடியாதா என்றால், முடியும். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் எடுத்ததே, உறவுக்காரப் பையன் ஒருவர் தன் பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்ததால்தான் என்பார்கள். ஆனால் எடுத்த பிறகு அவர் அதை அரைமனதாகப் படிக்கவில்லை. இந்து சமயத்தைக் கிறிஸ்தவப் பேராசிரியர்கள் விமர்சித்தது அவரைச் சீண்டியது. வேதாந்தத்தின் அறநெறியையே எம்.ஏ. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு எழுதினார். அந்த ஆய்வேடு 1908இல் அச்சாகியது.

ராதாகிருஷ்ணன் கதையை மதத்தைப் பற்றிய பயத்துக்காகவும் சொல்கிறேன். 'அங்கே போனால் மாற்றிவிடுவார்கள்' என்று பாட்டி கவலைப்படுவதும், 'நாம் கிறிஸ்தவர்கள், சீட் நமக்கு உறுதி' என்று அப்பா நிம்மதியாக இருப்பதும் ஒரே மாதிரியான தவறுதான். அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை தருகிறது. அதற்காக எல்லா இடமும் அவர்களுக்கே என்றில்லை. மற்ற மதப் பிள்ளைகளும் இந்தக் கல்லூரிகளில் நிறையவே படிக்கிறார்கள். கிறிஸ்தவ ஒதுக்கீட்டுக்குள்ளும் போட்டி உண்டு. ஞானஸ்நானச் சான்றிதழ், ஆயரின் கடிதம் என்று என்னென்ன கேட்கிறார்கள் என்பதை ப்ராஸ்பெக்டஸில் முதலிலேயே பார்த்துவிடுங்கள். சேர்ந்த பிறகு, கிறிஸ்தவர்களுக்கு வேதபாட வகுப்பும் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பும் இருப்பது வழக்கம். 'இதெல்லாம் யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்' என்று கட் அடிக்க வேண்டாம், பார்ப்பார்கள்.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாக: எய்டட் என்றால் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, ஃபீஸ் குறைவு. செல்ஃப் ஃபைனான்ஸ் என்றால் எல்லாம் உங்கள் பணத்தில். ஒரே வளாகத்தில், சில சமயம் ஒரே பாடத்துக்கே, இரண்டும் இருக்கும். விண்ணப்பத்தில் எதை டிக் செய்கிறீர்கள் என்று பாருங்கள்.

இப்போது மொழிப்பாடம். இதில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். பகுதி ஒன்று எனப்படும் மொழித்தாளில் தமிழா, பிரெஞ்சா, இந்தியா என்று கேட்டதும் 'பிரெஞ்சில் ஸ்கோர் பண்ணலாம்' என்று பாதி வகுப்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். பிரெஞ்சு மேல் ஆசை இருந்தால் தாராளமாகப் படிக்கலாம். மார்க்குக்காக மட்டும் என்றால், பின்னால் வருவதையும் யோசிக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தேர்வு கட்டாயம், அதில் 40 சதவீதம் வேண்டும். யு.பி.எஸ்.சி. மெயின்ஸிலும் இந்திய மொழி ஒன்றில் 300 மார்க்குக்கு ஒரு தாள் உண்டு, 25 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாவதோடு தமிழை விட்டவர்கள் இருபத்து மூன்று வயதில் டியூஷன் தேடி அலைவது இதனால்தான். ஆர்ட்ஸ் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அரசுத் தேர்வு கனவு இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அலைட் பேப்பருக்கும், அதாவது மெயின் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடத்துக்கும், இதே கதிதான். சமூகவியல் மாணவிக்குப் புள்ளியியல் எதற்கு என்று முணுமுணுப்பு வரும். மூன்றாம் வருஷ ப்ராஜெக்டில் சர்வே எடுத்துக் கையில் நூறு படிவங்களை வைத்துக்கொண்டு விழிக்கும்போது எதற்கு என்று தெரியும்.

சிறிய டிபார்ட்மெண்ட் என்றால் ஒளிந்துகொள்ள இடமில்லை. அதை வசதியாக நினைக்காமல் தொல்லையாக நினைப்பது பெரிய தவறு. முப்பது நாற்பது பேர் உள்ள வகுப்பில் மேடத்துக்கு உங்கள் கையெழுத்தும் தெரியும், நீங்கள் வாக்கியம் எழுதும் தினுசும் தெரியும். சாட்ஜிபிடியில் எடுத்த அசைன்மென்டைக் கொடுத்தால் சத்தம் போட மாட்டார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டி, "இது என்ன சொல்லுதும்மா?" என்பார். அவ்வளவுதான், இன்டர்னல் மார்க் போச்சு. மாறாக, வகுப்பு முடிந்து ஒரு கேள்வியோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கிற பழக்கம் இருந்தால், கடைசி வருஷம் சிபாரிசுக் கடிதம் கேட்கும்போது அவருக்கு உங்களைப் பற்றி எழுத விஷயம் இருக்கும். சும்மா அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்தைத் தொட்டுவிட்டுப் போனவருக்கு என்ன எழுதுவார்? 'நல்ல மாணவி' என்று ஒரு வரி.

இன்னொன்று, கல்லூரி லைப்ரரியோடு நின்றுவிடுவது. 1915இல் தொடங்கிய மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கும் அதே காலேஜ் ரோட்டில், டி.பி.ஐ. என்று அழைக்கப்பட்டுவந்த பள்ளிக் கல்வித் துறை வளாகத்துக்குள், 1812 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியின் நூலகம் இருக்கிறது. எழும்பூரில் கன்னிமாரா நூலகம், ரயில் நிலையத்துக்கு அருகிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். மெட்ராஸைப் பற்றி ப்ராஜெக்ட் செய்துவிட்டு இவற்றில் ஒன்றுக்குக்கூடப் போகாதவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புங்கள்.

கடைசியாகத் தேதி விஷயம். டிகிரி முடிந்து மே மாதம் 'அடுத்து என்ன' என்று உட்கார்ந்தால், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத் எல்லாம் கைநழுவிப் போயிருக்கும். அங்கெல்லாம் எம்.ஏ. சேர்க்கைக்கான சி.யு.இ.டி. பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வின் விண்ணப்பம் பொங்கலை ஒட்டியே திறந்து மூடிவிடுகிறது, தேர்வு மார்ச்சில். ஆகவே ஐந்தாம் செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு அந்த நுழைவுத் தேர்வின் இணையதளத்தைப் பார்க்க ஆரம்பியுங்கள். அரியர் ஏதாவது இருந்தால் அதையும் அந்த செமஸ்டரிலேயே முடித்துவிடப் பாருங்கள். கல்லூரி தன்னாட்சி பெற்றதாக இருந்தாலும் பட்டம் தருவது சென்னைப் பல்கலைக்கழகம்தான். ஒரு தாள் பாக்கி இருந்தாலும் ப்ரொவிஷனல் சான்றிதழ் கைக்கு வராது.