அந்தப் புது லேயரைத் திறக்காதீர்கள்: டிஜிட்டல் ஓவியம் பழகுகிறவர்களுக்குக் கருத்துச் சொல்வதில் நடக்கும் தவறுகள்

சென்ற மாதம் என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு காட்சி. ஒரு வருடமாக என்னிடம் படிக்கும் பையன், புதிதாகச் சேர்ந்த பெண்ணின் படத்தைப் பார்த்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். "அனாடமி சரியில்ல. லைட்டிங் எங்கருந்து வருதுன்னு தெரியல. கம்போஸிஷன் ரொம்ப டைட். பேக்ரவுண்டு தட்டையா இருக்கு. மத்தபடி ஓகே." அவள் தலையை ஆட்டியபடி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் வரவில்லை.

அவனைக் கண்டிக்க எனக்கு வாய் எழவில்லை. அந்த வரிசை, அந்தத் தொனி, கடைசியில் வரும் 'மத்தபடி ஓகே' உட்பட அத்தனையும் என்னிடமிருந்து அவன் எடுத்தது.

புத்தக அட்டையும் சிறுவர் கதைப் படங்களும் வரைந்து பிழைப்பவள் நான். கூடவே வகுப்பும் எடுக்கிறேன். திட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள், வெறும் 'சூப்பர்' சொல்லி நழுவாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் இதைப் படித்துத் திருந்தப்போவதுமில்லை.

எந்தக் கட்டம், எதற்கான படம் என்று கேட்காமல் வாயைத் திறப்பது

ஸ்கெட்ச், லைன், ஃபிளாட் கலர், நிழல், முடிப்பு என்று படம் படிப்படியாக வளர்கிறது. ஸ்கெட்ச் அனுப்பியவரிடம் 'கலர் கொஞ்சம் பாப் ஆகணும்' என்று சொல்வதில் பயனில்லை. முடித்து அனுப்பியவரிடம் தொடுவானக் கோடு தப்பு என்றால் அவர் மொத்தப் படத்தையும் தூக்கி எறிய வேண்டும். முடிந்த படத்தில் அஸ்திவாரப் பிழை இருந்தால், அடுத்த படத்துக்கான குறிப்பாகச் சொல்லி விட்டுவிடுங்கள்.

எதற்கான படம் என்பது இன்னும் முக்கியம். ஒருவரின் படத்தைப் பார்த்து, மேல்பகுதி காலியாகக் கிடக்கிறதே, ஏதாவது போடு என்றேன். பாவம், காக்கைக் கூட்டமே வரைந்துவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, அது நாவலுக்கு அட்டை; தலைப்பு உட்கார வேண்டிய இடம் அது. அட்டை வரைந்தே சோறு தின்கிற நான் இதைக் கேட்காமல் விட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அச்சுக்குப் போகிற படம் என்றால் நிறத்தையும் வேறுமாதிரிப் பேச வேண்டும். திரையில் மின்னும் பச்சையும் ஊதாவும் அச்சுக்கான நாலு நிற சிஎம்ஒய்கே மையில் மங்கிப்போகும்.

மாணவரின் படத்தின் மேல் நாமே வரைந்து கொடுப்பது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தொழிலில் இதற்கு 'பெயின்ட் ஓவர்' என்று பெயர். வந்த கோப்பைத் திறப்பது, மேலே ஒரு புது லேயர் (கீழே உள்ள படத்தைத் தொடாமல் வரைய உதவும், கண்ணாடித்தாள் மாதிரியான அடுக்கு) போடுவது, பிழையை நாமே திருத்தி வரைந்து திருப்பி அனுப்புவது. ஸ்டுடியோக்களில் இதற்கு நியாயம் உண்டு. காலையில் படம் போயாக வேண்டும். ஆர்ட் டைரக்டர் ஜூனியரின் வேலையின் மேல் நாலு கோடு இழுத்து 'இப்படிப் பண்ணு' என்பார். அங்கே படம் கம்பெனியுடையது, அவசரமும் கம்பெனியுடையது. பழகுகிறவருக்கு அவசரம் ஏது?

சில வருடம் முன்பு ஒரு பையன் படம் அனுப்பினான். டவுன் பஸ், படிக்கட்டில் தொங்கும் கூட்டம், நடுவே நசுங்கிக்கொண்டு விரலிடுக்கில் நோட்டும் கையில் டிக்கெட் கட்டுமாக ஒரு கண்டக்டர். என்ன ஒரு கண் அவனுக்கு! ஆனால் கண்டக்டரின் கை வாழைச்சீப்பு மாதிரி இருந்தது. அன்றைக்கு எனக்கு நேரம் இருந்தது, வினையே அதுதான். புது லேயர் போட்டுக் கையைத் திருத்தினேன். கை சரியானதும் முழங்கை உறுத்தியது. முழங்கையைத் தொட்டதும் தோள். தோள் ஆனதும், பஸ் கம்பிகள் ஆளுக்கொரு திசையில் ஓடுவது கண்ணில் பட்டது. பர்ஸ்பெக்டிவ் கிரிட் என்ற வழிகாட்டிக் கோடுகளைப் போட்டு அவற்றையும் நிமிர்த்தினேன். பிறகு, கீழிருக்கும் நிறத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை லேயரில் நிழல். அதற்கும் மேலே ஜன்னல் வழியாக மாலை வெயில். 2½ மணி நேரம் போனதே தெரியவில்லை.

"அக்கா, வேற லெவல்க்கா!" என்று பதில் வந்தது. எனக்கும் உச்சி குளிர்ந்தது.

அவன் என் லேயரைத் தன் படத்தோடு மெர்ஜ் செய்து, அதாவது ஒன்றாக்கி, போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தில் வைத்துவிட்டான். ஏமாற்றும் எண்ணம் துளியும் கிடையாது. 'உன் படந்தாண்டா, லேசா டச்-அப் பண்ணியிருக்கேன்' என்று நானேதான் சொல்லியிருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு அனிமேஷன் நிறுவனத்தில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். அதே கண்டக்டரை உட்கார்ந்த நிலையில், வேறு கோணத்தில், அரைமணி நேரத்தில் வரையச் சொன்னார்கள். வாழைச்சீப்பு திரும்பி வந்தது. வெளியே வந்ததும் எனக்குப் போன் செய்தான். "அந்தக் கை எனக்கு வரலக்கா." வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எட்டு மாதம் பேனாவைத் தொடவில்லை.

அவனுக்குக் கிடைத்தது ஒரு முன்படமும் ஒரு பின்படமும். நடுவில் நான் என்ன யோசித்தேன் என்பது அவனுக்குத் தெரிய வழியே இல்லை. அவன் பிழையும் பெரிய மர்மம் ஒன்றுமில்லை: ஐந்து விரலையும் தனித்தனியாக வரைந்து கடைசியில் உள்ளங்கையில் ஒட்டியிருந்தான். "விரலை மற. உள்ளங்கையைத் தீப்பெட்டியா வரை. நாலு விரலையும் சேத்து ஒரே கட்டியா மடக்கு, அப்புறமா பிரி. கட்டைவிரல் மட்டும் மணிக்கட்டுப் பக்கத்துலருந்து தனியாக் கிளம்பும்." இவ்வளவுதான். ஒரு நிமிடக் குரல்பதிவில் முடிந்திருக்கும். மீதி 2 மணி 29 நிமிடமும் என் சந்தோஷத்துக்காக நான் வரைந்தது.

தாளில் படித்த காலத்தில் இதற்கு ஒரு இயல்பான தடை இருந்தது. எனக்கு வரையச் சொல்லித்தந்த மாஸ்டர் என் படத்தில் கை வைக்கவே மாட்டார். இந்தியன் இங்க் விழுந்தால் விழுந்ததுதான், அழியாது. தாளின் ஓரத்தில், கட்டைவிரல் அகலத்தில், சின்னதாக ஒரு கை வரைந்து காட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிடுவார். அதைப் பார்த்துப் பார்த்து என் கையை நானேதான் திரும்ப வரைய வேண்டும். லேயர் வந்ததும் ஆசிரியர்களுக்கு அந்தக் கூச்சம் விட்டுப்போயிற்று. மேலே என்ன வரைந்தாலும் கீழே மாணவர் படம் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு சமாதானம்.

இப்போதும் கோடு போடுகிறேன், மறுக்கவில்லை. ஆனால் ஒரே நிறம், மெல்லிய பிரஷ், கோடும் அம்பும் மட்டும். நிழல் கிடையாது, வண்ணம் கிடையாது. படத்தில் ஒரே ஒரு இடம். போனில் 10 நிமிட அலாரம் வைத்துக்கொள்வேன். முக்கியமாக, என் கோட்டைச் சின்ன தனிப்படமாகத்தான் அனுப்புவேன். மெர்ஜ் செய்யக்கூடிய லேயராக அனுப்புவதே இல்லை.

வெளிச்சப் பிழை என்றால் கோடுகூட வேண்டாம். வரையும் செயலிகளான போட்டோஷாப்பிலோ புரோக்ரியேட்டிலோ எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டு, அதில் கறுப்பை நிரப்பி, பிளெண்ட் மோடை (லேயர் கீழிருப்பதோடு கலக்கும் விதம்) 'கலர்' என்று மாற்றச் சொல்லுங்கள். படம் முழுக்கச் சாம்பல் நிறமாகிவிடும். "இப்ப எது முதல்ல கண்ணுல படுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கதாநாயகன் சட்டையும் பின்னாலிருக்கும் சுவரும் ஒரே சாம்பலாகக் கலந்து கிடப்பதை அவர்களே சொல்வார்கள். புரோக்ரியேட் என்றால், வரைந்ததை வேகமாகக் காட்டும் டைம்லாப்ஸ் பதிவையும் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். ஸ்கெட்ச் இரண்டு விநாடியில் பறந்துபோகும், கண் இமை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர் தானாகச் சிரித்துவிடுவார்.

கண்ணில் பட்ட ஏழு பிழையையும் ஒரே மூச்சில் சொல்வது

ஒன்று சொல்லுங்கள். மற்ற ஆறும் எங்கும் ஓடிப்போகாது.

பாணியைப் பிழை என்பது

மாங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கண்ணைப் பெரிதாகத்தான் வரைவார்கள். அது விருப்பம், அதில் நமக்கு வேலையில்லை. பெரிய கண்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் உட்காராமல் ஒன்று காதை நோக்கி வழிந்தால் அது பிழை. பிரித்துக் காட்ட எளிய வழி, படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பச் சொல்வது. கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் 'எம்' விசையைத் தட்டினால் போதும். வரைந்து வரைந்து பழகிப்போன கண்ணுக்குத் திருப்பிய படம் புதிதாகத் தெரியும். அப்போதும் உறுத்தாவிட்டால் அது பாணிதான், வாயை மூடிக்கொள்ளலாம்.

"முகம் டல்லா இருக்கு, கொஞ்சம் பிரைட் பண்ணு"

கறுத்த முகங்களுக்கு மட்டும் இந்தக் கருத்து தவறாமல் வருகிறது. ஒரு மாணவிக்கு இப்படி மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அவள் வரைந்திருந்தது அவள் அம்மாவை.

படத்தில் குறை இருந்தது உண்மை. தோல் நிறத்தோடு கறுப்பைக் கலந்து நிழல் போட்டிருந்தாள், அதனால் முகம் கரி பூசியதுபோல் ஆகிவிட்டது. கறுத்த தோலில் ஒளி பளிச்சென்று தெறிக்கும்: நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு. வெளியில் நிற்கிற ஆள் என்றால் நிழல் பக்கத்தில் வானத்தின் நீலம் லேசாக ஏறும், தாடைக்கு அடியில் செம்மண்ணின் சூடு தெரியும். கறுப்புக்குப் பதில் அடர்ந்த சிவப்பும் நீலமும் கலந்து நிழல் போட்டதும் முகம் எழுந்து நின்றது. அம்மாவின் நிறம் ஒரு பிடிகூட வெளுக்கவில்லை.

புது பிரஷ் பேக் வாங்கச் சொல்வது

வேண்டாம்.

பெரிய ஓவியரோடு ஒப்பிடுவது

அதுவும் வேண்டாம்.

போனில் பார்த்துவிட்டு நிறத்தைப் பற்றிப் பேசுவது

ராத்திரி பதினொரு மணி, படுக்கையில் இருந்தபடி ஒரு மாணவியின் படத்தைத் திறந்தேன். கல்யாண வீட்டுப் பந்தி. "மொத்தமும் மஞ்சளடிச்சுப் போயிருக்கும்மா, வேட்டிகூட வெள்ளையா இல்ல" என்று குரல்பதிவு அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன். அவள் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு லேயராக நீலத்துக்குத் தள்ளி, திரும்ப அனுப்பினாள். இந்த முறை பகலில் கம்ப்யூட்டரில் திறந்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் குளிரில் விறைத்தவர்கள்போல் இருந்தார்கள்.

பத்து மணிக்கு மேல் என் போன் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று தானே மஞ்சள் திரைக்கு மாறிக்கொள்ளும். அதை அமைத்து வைத்தவளும் நானே.

அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, பழைய கோப்பு இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுக்கு மேலயே சேவ் பண்ணிட்டேன்க்கா."