வாடகைக்கு விட வீடு வாங்கும் முன்னும், விட்ட பின்னும்

வாடகை வரும், அதிலேயே ஈ.எம்.ஐ. கட்டிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால், முதலில் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுங்கள். சென்னையில் 70 லட்சத்துக்கு இரண்டு பெட்ரூம் பழைய பிளாட் ஒன்று வாங்குகிறீர்கள், மாதம் 20,000 வாடகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,40,000. போட்ட பணத்துக்கு இது மூன்றரை சதவீதம்கூட இல்லை. அதிலும் சொத்துவரி, அசோசியேஷனுக்குக் கட்டுவதில் உங்கள் பங்கு, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் ஒரு மாதம், பெயின்ட், மோட்டார் ரிப்பேர் என்று ஒவ்வொன்றாகக் கழித்தால் கையில் நிற்பது இரண்டரை சதவீதத்துப் பக்கம்தான். வீட்டுக்கடன் வட்டி அதைப்போல மூன்று மடங்கு. போதாததற்குப் பத்திரச் செலவு வேறு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழு விலைக்குப் பதிந்தால் அந்த 70 லட்சத்துக்கு 6,30,000 ரூபாய், அதை வாடகையில் எடுக்கவே இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும்.

அதனால் வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடனை முடிந்தவரை குறைத்து, பத்துப் பதினைந்து வருடம் வைத்திருக்கும் எண்ணத்தில் வாங்குங்கள் என்கிறேன். வீட்டு விலை ஏறுவதும் இறங்குவதும் உங்கள் கையில் இல்லை. வீடு காலியாகக் கிடக்காமல் பார்த்துக்கொள்வதும், வந்தவர் நாலைந்து வருடம் நிம்மதியாக இருக்கும்படி வைத்துக்கொள்வதும் மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. 20,000 தரத் தயாராக ஒரு நல்ல குடும்பம் வந்து நிற்கும்போது, 21,500 தரும் ஆளுக்காக ஒரு மாதம் காத்திருந்தால், மிச்சப் பதினோரு மாதத்தில் கூடுதலாக வருவது 16,500, அந்த ஒரு மாதத்தில் விட்டதோ 20,000. இந்தக் கணக்கைப் போடாமல் டு லெட் போர்டை மாதக்கணக்கில் தொங்கவிட்டிருக்கும் ஓனர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

காலி செய்யும் மாதமும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான குடும்பங்கள் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் ஏப்ரல், மே மாதத்தில்தான் மாறுவார்கள். ஜூன் கடைசியில் உங்கள் வீடு காலியானால் இரண்டு வாரத்தில் ஆள் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஆவணி வரை பூட்டிக் கிடக்கும். முதல் ஒப்பந்தத்தையே மே மாதம் முடிகிற மாதிரி போட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஜாதகம் பார்க்காத ஐ.டி. பசங்களுக்குக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, அது வேறு கதை.

எந்த வீட்டை வாங்குவது? மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், கட்டி முடித்த சான்றிதழ், யு.டி.எஸ். (பிளாட்டோடு சேர்ந்து வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு) எவ்வளவு என்பதையெல்லாம் உங்கள் சொந்தச் செலவில் ஒரு வக்கீலிடம் காட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி பார்க்கும் லீகல், வங்கியின் பணத்துக்கான பாதுகாப்பு.

வக்கீல் சொல்லாத விஷயம் தண்ணீர். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று விசாரியுங்கள். புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை. எதிர் மளிகைக் கடைக்காரரிடமோ, பக்கத்து பில்டிங் வாட்ச்மேனிடமோ கேளுங்கள், முழங்கால் வரையா இடுப்பு வரையா என்று கையை வைத்தே காட்டிவிடுவார்கள். அப்புறம் கோடைக்கு என்ன வழி? ஏரிகள் வறண்ட 2019இல் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு கட்டினார்கள், போர் எத்தனை அடி, சம்ப் எத்தனை லிட்டர், மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா என்று அசோசியேஷனில் கேட்டு வையுங்கள். வாடகைக்கு வருகிறவர் ஹாலில் பதித்த கிரானைட்டைப் பார்த்து வருவார், தண்ணீர் வரவில்லை என்றால் ஆறே மாதத்தில் போய்விடுவார்.

தனி வீட்டைப் போர்ஷன் போர்ஷனாக விடுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி ஈ.பி. மீட்டர் வாங்கிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒரு இணைப்புக்குத்தான். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் யூனிட் ஏற ஏற மேல் ஸ்லாப் கட்டணத்துக்குப் போகும், கூடிய தொகையை யார் கட்டுவது என்று பஞ்சாயத்து ஆரம்பிக்கும். சப் மீட்டர் வைத்து நீங்களாக ஒரு ரேட் போட்டு வசூலித்தால், மின்சாரத்தில் லாபம் பார்க்கிற ஓனர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

இப்போது ஆள். புரோக்கர் வழியாக வந்தாலும் தெரிந்தவர் சொல்லி வந்தாலும், வேலை பார்க்கும் இடத்தின் அடையாள அட்டை, ஆதார் நகல், இதற்கு முன் இருந்த வீட்டு ஓனரின் போன் நம்பர் மூன்றையும் வாங்குங்கள். மூன்றாவதுதான் மற்ற இரண்டையும்விடப் பெரிது. அந்த ஓனரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “மறுபடி வந்தால் வீடு கொடுப்பீங்களா?” பதில் வர ஒரு நொடி தாமதமானாலே புரிந்துவிடும். வாடகைதாரர் விவரத்தைப் பக்கத்துக் காவல் நிலையத்திலும் கொடுத்துவிடுங்கள். சைவம் மட்டும், பேச்சிலருக்கு இல்லை, தனியாக இருக்கும் பெண்களுக்கு இல்லை என்று வரிசையாகக் கதவைச் சாத்திக்கொண்டே போகிறவர்கள், ஒழுங்காக வாடகை கட்டும் ஆட்களில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஒப்பந்தம் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும். பழைய 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிந்து ஒரு பதிவு எண்ணும் வாங்க வேண்டும். பதினோரு மாதத்துக்குப் போட்டால் எதையும் பதிய வேண்டாம் என்று இன்னமும் நினைக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதிலிருந்து தப்பிக்க வந்த பழக்கம் அது. வாடகை அதிகாரியிடம் பதிவது தனி, பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் அது உண்டு. நாளைக்குத் தகராறு என்று போய் நின்றால் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.

அட்வான்ஸ் விஷயத்தில், வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைதான் என்கிறது சட்டம். சென்னையில் பத்து மாதம் கேட்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பத்து மாதம் வாங்கினால் பாதுகாப்புதானே என்று தோன்றும், ஆனால் அது உங்கள் பணம் இல்லை, அவர் போகும்போது மொத்தமாக எடுத்துக் கொடுக்க வேண்டும். ஐந்தாறு லட்சம் வாங்கிக்கொண்டு வாடகையே இல்லாமல் ‘லீசுக்கு’ விடுவதில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. அந்தப் பணத்தை அப்படியே டெபாசிட்டில் போட்டு வைக்கிற கட்டுப்பாடு இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். வாடகையோ அட்வான்ஸோ, எதுவானாலும் வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் வாடகை, தேதி, எத்தனை பேர் தங்குவார்கள், வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும், காலி செய்ய இரண்டு பக்கமும் எத்தனை மாத நோட்டீஸ், மெயின்டனன்ஸ் யார் கட்டுவது எல்லாம் இருக்கட்டும். உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்பதையும், நாள் வாடகைக்கு ஆள் தங்க வைக்கக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ரிப்பேர் விஷயத்தில் சட்டத்தின் அட்டவணையே பிரித்துக் கொடுத்திருக்கிறது: கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாற்றுவது, உள் வயரிங் எல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், கீசர், பூட்டு, அடைத்துக்கொண்ட டிரெயின் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. காலி செய்யும்போது பெயின்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் வழக்கம் இருக்கிறதே, அதைப் பற்றி முதல் நாளே பேசி எழுதாவிட்டால் கடைசி நாள் வாசலில் நின்று சண்டை போடத்தான் வேண்டியிருக்கும்.

சாவி கொடுக்கும் நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி, குடிவருகிறவரையும் கூட்டிக்கொண்டு போனில் வீடியோ எடுத்தபடி வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடுங்கள், பாத்ரூம் மூலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், அலமாரிச் சாவி எத்தனை, ஃபேன் எத்தனை, ஏற்கெனவே கீறல் விழுந்த டைல்ஸ் எது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போங்கள். கடைசியாக ஈ.பி. மீட்டர் ரீடிங் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. அந்த வீடியோவை அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் அதுவே இரண்டு பேருக்கும் சாட்சி.

குடிவந்த பிறகு அது அவர் வீடு. உங்களிடம் இன்னொரு சாவி இருக்கிறது என்பதற்காகத் திறந்துகொண்டு போகக்கூடாது, பார்க்க வேண்டும் என்றால் 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். காலையில் “சார், தண்ணி வரல” என்று போன் வந்தால் அன்றைக்கே பிளம்பரை அனுப்புங்கள். ஐந்நூறு ரூபாய் செலவைப் பத்து நாள் இழுத்தடித்து, இருபதாயிரம் தருகிற ஆளை வெறுப்பேற்றி அனுப்புவதில் என்ன லாபம்?

வாடகை நின்றுவிட்டால்? முதல் மாதமே வாட்ஸ்அப்பிலாவது எழுதிக் கேளுங்கள், பாக்கி இரண்டு மாதத்தைத் தொட்டால் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் வாடகை நீதிமன்றம். கரன்ட்டைப் பிடுங்குவது, மோட்டாரை நிறுத்துவது, ஆள் வைத்து மிரட்டுவது எதுவும் வேண்டாம். அத்தியாவசிய வசதிகளைத் தடுப்பதைச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது, நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு காரியத்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள். காலம் முடிந்தும் காலி செய்யாமல் உட்கார்ந்திருப்பவரிடம் இரண்டு மடங்கு வாடகை கேட்க இதே சட்டம் இடம் தருகிறது, பதிந்த ஒப்பந்தம் இருந்தால்.

வருமான வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகையில் நீங்கள் கட்டிய சொத்துவரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பில் எதுவும் காட்டாமலே கழிக்கலாம், கடன் வட்டியும் கழியும். புதிய வரி முறையில் இருப்பவர்கள் வீட்டில் வந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. மாத வாடகை 50,000க்கு மேல் என்றால் குடியிருப்பவர் 2 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது வாடகையிலேயே கழித்து அரசுக்குக் கட்டும் வரி, பிடிக்க வேண்டும். நீங்கள் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அந்த 50,000 வரம்பெல்லாம் கிடையாது, சின்ன வாடகைக்கும் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும், இதைத் தெரியாமல் குடியிருப்பவர் முழு வாடகையை அனுப்பிவிட்டுப் பின்னால் மாட்டிக்கொள்வார். அவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அவர் காலி செய்யும்போது பழைய வீடியோவைப் போட்டுக்கொண்டு அதே சுற்று. ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் அன்றைய ரீடிங்கை வைத்து உத்தேசமாகக் கணக்குப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள், பில் வந்ததும் மிச்சத்தை அனுப்பிவிடலாம். அட்வான்ஸைத் திருப்பித் தரச் சட்டம் ஒரு மாதம் தருகிறது. ஆனால் அவர் அடுத்த வீட்டு ஓனருக்கு அட்வான்ஸ் கொடுக்கப்போவது பெரும்பாலும் இந்தப் பணத்தை வைத்துத்தான், முடிந்தால் சாவி வாங்கும் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.