சத்தி எடுக்கிற பிள்ளை அடிக்கடி மூத்திரமும் போகுதா? உடனே சீனி பாருங்கள்

சின்னப் பிள்ளைக்கும் சீனி வருத்தம் வரும், ஒரு வயதுக் குழந்தைக்கும் வரும். இனிப்புத் தின்றதால் வருவதில்லை. இன்சுலின் சுரக்கும் கலங்களை உடம்பே அழித்துவிடுவதால் வருவது, அதனால் தாயையோ அம்மம்மாவையோ யாரும் குறை சொல்லாதீர்கள். இன்சுலின் இல்லாத உடம்பு சீனியைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கும், அதில் உண்டாகிற கீட்டோன் இரத்தத்தை அமிலமாக்கும். இதைத்தான் டாக்டர்மார் டி.கே.ஏ. என்கிறார்கள். விட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆபத்து என்னவென்றால், இது வெறும் சத்தி, வயிற்றுக்குத்து மாதிரியே தொடங்கும். நாமும் ஜீவனி (உப்பு-சீனிக் கரைசல் பக்கற்) கரைத்துக் கொடுப்போம், கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுப்போம், அதற்குள் ஒரு நாள் போய்விடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சத்தி, வயிற்றோட்டத்தில் உடம்பு வறண்ட பிள்ளைக்கு மூத்திரம் குறையும். இந்தப் பிள்ளைக்கோ நாக்கு காய்ந்து கண் உள்ளே போன பிறகும் பம்பஸ் கனத்துக்கொண்டே இருக்கும், கழற்றிப் போட்ட இடத்தில் எறும்பு மொய்க்கலாம். பாயில் நனைப்பதை விட்ட பிள்ளை திரும்ப நனைக்கும், இரவில் எழும்பித் தண்ணீர் கேட்கும், சட்டை தொளதொளக்கும்.

அப்புறம் மூச்சு. சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சைப் பாருங்கள், ஓடி வந்தவன் போல ஆழமாகவும் வேகமாகவும் இழுக்கும், ஆனால் இருமலோ விசில் சத்தமோ இருக்காது. இழைப்பு (ஆஸ்துமா) என்று நினைத்து நெபுலைசர் மருந்துப் புகை பிடிக்கக் கொண்டுபோவது இதில்தான். வாயில் பழவாசம் வரலாம், எல்லாருக்கும் அது மணக்காது.

இதில் இரண்டு மூன்று சேர்ந்து கண்டால் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவின் குளுக்கோமீட்டர் வீட்டில் இருந்தால் அதுவே போதும், பிள்ளையின் கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். 200க்கு (mg/dL) மேல் காட்டினால் நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வாகரை, பொத்துவில் போன்ற தூரத்து ஊரென்றால் முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து அவர்களே மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ அனுப்புவார்கள். தாகம் என்றால் வெறும் தண்ணீர் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். சோடா, குளுக்கோஸ், இளநீர் வேண்டாம். நினைவு மங்கினால் வாயில் ஒன்றுமே வேண்டாம். வீட்டில் யாருடைய இன்சுலினையும் பிள்ளைக்கு ஏற்றாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் சேலைன், ஒரு மணித்தியாலமாவது கழித்துத்தான் இன்சுலின், அதுவும் கிலோவுக்கு மணிக்கு 0.05 முதல் 0.1 யூனிட் வரை சொட்டுச் சொட்டாக. கூடவே பொட்டாசியம். சீனி 250, 300க்கு இறங்கியதும் சேலைனோடு குளுக்கோஸும் சேர்ப்பார்கள், சீனிக்காரப் பிள்ளைக்கு ஏன் குளுக்கோஸ் என்று சண்டை பிடிக்காதீர்கள், கீட்டோன் போகும்வரை இன்சுலினை நிறுத்தாமல் இருக்கத்தான் அது. அவசரப்பட்டு இறக்கினால் நல்லதல்ல. மூளை வீங்குவதுதான் பெரிய பயம். தெளிந்த பிள்ளை திரும்பத் தலையிடி என்று அழுதால், அரைத்தூக்கமாகப் புலம்பினால், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், சத்தி வந்து சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தவே கூடாது. அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் கிளினிக் டாக்டரிடம் கேளுங்கள், சத்தி நிற்கவில்லை என்றால் நேரே வார்டுக்குப் போங்கள்.