சூட்டைத் திண்டு ஒண்டும் சீவிக்கேல்ல

வன்னியில எங்கட ஆக்களுக்கு வெந்நீரூற்று எண்டாலே திருகோணமலைக் கன்னியாதான், 31ம் நாள் கிரியைக்குப் போய் ஏழு கிணத்திலயும் வாளியால அள்ளி ஊத்திப்போட்டு வாற இடம். அதாலயோ என்னவோ, உயர்தர உயிரியல் படிப்பிக்கேக்க, வெந்நீரூற்றில இருக்கிற நுண்ணங்கியள் எப்பிடிச் சீவிக்குது எண்டு கேட்டா "அதுகள் சூட்டில இருந்து சக்தி எடுக்குது சேர்" எண்டு வருசா வருசம் ஒரு விடை வரும்.

சூடு சாப்பாடு இல்ல. அந்த நுண்ணங்கிகளின்ர நொதியம் சூட்டில குலையாது, அதால அங்க இருக்குதுகள், அவ்வளவுதான், சக்திக்கு வெளிச்சமோ ஐதரசனோ சல்பைட்டோ வேணும். அமெரிக்காவில யெலோஸ்டோன் ஊற்றுகளில இது வடிவா விளங்கும், 73 பாகைக்கு மேல ஒளித்தொகுப்பு நடக்காது, பச்சையைக் காணேலாது, ஆனா 80ஐத் தாண்டின ஒக்டோபஸ் ஊற்று வாய்க்காலில இளஞ்சிவப்பா நார் நாரா ஏதோ ஆடிக்கொண்டிருக்கும். 1960களில தோமஸ் புரொக் எண்ட நுண்ணுயிரியலாளர் கவனிச்சது இதைத்தான். அதுகள் ஐதரசன் மாதிரிச் சாமானை ஒட்சியேற்றிப் பிழைக்கிற கூட்டம்.

காபன் எண்டோடன கல்வின் வட்டத்தை, அதுதான் தாவரம் காபனீரொட்சைட்டில இருந்து வெல்லம் செய்யிற வழியை, கீறிறது அடுத்த பிழை. ஒளித்தொகுப்புச் செய்யிற சயனோபற்றீரியாவுக்குச் சரி. அக்குவிஃபெக்ஸ் எண்ட ஊற்றுப் பற்றீரியா, சுவாசத்தில வாற கிரெப்ஸ் வட்டத்தைப் பின்பக்கமாச் சுத்தவிட்டுத்தான் காபனீரொட்சைட்டைச் சேர்க்குது, குளோரோஃபிளெக்சஸ் எண்ட மற்றப் பற்றீரியாவுக்கு இன்னொரு வழி, அதோட பக்கத்து சயனோபற்றீரியா கசியவிடுற அசற்றேற்றையும் விடாது. தானே சாப்பாடு செய்யிற தற்போசணியா, மற்றதிட்ட எடுக்கிற பிறபோசணியா எண்டு அதைக் கேட்டா என்னத்தச் சொல்லும் பாவம்.

கனபேர் சறுக்கிறது நைதரசனிலதான். காத்தில 78 வீதம் கிடக்கு, எடுத்தாப் போச்சு எண்டு நினைப்பு. அதை அமோனியாவா மாத்த, அதுதான் நைதரசன் பதித்தல், ஒரு மூலக்கூறுக்கு 16 ஏரிபி (கலத்தின்ர சக்திக் காசு) செலவு, அதுக்கு மேல அந்த நைதரசனேசு நொதியத்தில ஒட்சிசன் பட்டாப் பழுது. ஒரு கச்சான் செடியை ஈரமண்ணோட பிடுங்கி வேரில நைதரசன் பதிக்கிற பற்றீரியா குடியிருக்கிற சின்ன உருண்டையை நகத்தால கிள்ளிப் பாருங்கோ, உள்ளுக்கு இறைச்சி நிறமா இருக்கும், ஒட்சிசனைப் பிடிச்சு அடக்கி வைக்கிற சாமான் அது. ஊற்றுக்குள்ள பாய் மாதிரிப் படிஞ்சு கிடக்கிற சைனெக்கோக்கொக்கஸ் எண்ட சயனோபற்றீரியாவுக்கு அப்பிடி ஒரு அறை இல்ல, ஒற்றைக் கலம், பகல் முழுக்க தானே ஒட்சிசனைக் கக்குது. அதால பொழுதுபட்டு, மிச்ச ஒட்சிசனைச் சுத்தவர உள்ளதுகள் சுவாசிச்சு முடிச்சாப் பிறகுதான் நைதரசன் பதிக்கத் தொடங்கும், பகலில சேமிச்ச கிளைக்கோஜனைச் செலவழிச்சு. மத்தியானம் 12 மணிக்கு அளந்துபோட்டு இங்க பதித்தலே நடக்கேல்ல எண்டு எழுதினா எப்பிடி?

மறுவளமா, நைதரசன் பதிக்கிற மரபணு இருக்கு, அப்ப பதிக்குதுதானே எண்டுறதும் பிழை. தண்ணியில அமோனியம் தாராளமா இருந்தா அதுகள் மினக்கெடாது. கொட்டிலுக்குள்ள யூரியா மூட்டை கிடந்தா ஆர் பசளைக்குச் சீமைக்கிளுவை இலை வெட்டப் போவினம், 2021ல யூரியா இல்லாமப் போகத்தானே அதைத் தேடி ஓடினம். உண்மையில உள்ளுக்கு எடுக்குதோ எண்டு பாக்கிறதெண்டா நிறை கூடின நைதரசன் 15, காபன் 13 குடுத்து அது கலத்துக்குள்ள போய்ச் சேருதோ எண்டு அளக்கவேணும்.

நான் விட்ட பிழையையும் சொல்லவேணும். கன்னியாவில சோடாப் போத்தலில தண்ணி அள்ளி, ஹொரவப்பொத்தானை றோட்டால பஸ்ஸில வவுனியாவுக்குக் கொண்டுவந்து, யன்னலில கொஞ்சநாள் வச்சிட்டு நுணுக்குக்காட்டியில பாத்தனான், பச்சையா ஏதோ வளந்து கிடந்தது, சந்தோசம் தாங்கேல்ல. பிறகுதான் உறைச்சது, அந்தத் தண்ணியே 40 பாகையை ஒட்டினதுதான், வெப்பவிரும்பியளுக்கு 45க்கு மேல வேணும், அதுவும் சனம் சவுக்காரம் போட்டுக் குளிக்கிற இடம், ஆறின போத்தலுக்குள்ள வளந்தது அனேகமா எங்கட குளத்துப் பாசியின்ர சொந்தக்காரர். அம்பாறைப் பக்கம் இருக்கிற மகாஓயா ஊற்று 50ஐத் தாண்டும். அடுத்தமுறை அங்கதான், வெப்பமானியோட, சுடுதண்ணிப் போத்தலோட, இரவு தங்கிற பிளானோட.