பிஎஸ்எல்இ முடிவு வந்த வாரத்தில் பெற்றோர் செய்துவிடும் தவறுகள்

மூத்தவளின் பிஎஸ்எல்இ (சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வந்த அன்று பள்ளி மண்டபத்துக்கு வெளியே காத்திருந்தேன். முடிவுத் தாளை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை?" சொன்னாள். இரண்டாவது கேள்வி, "உன் தோழிக்கு எத்தனை?" அதற்குப் பதில் வரவில்லை. வீடு வந்து சேரும்வரை அவள் வேறு எதுவும் பேசவும் இல்லை.

இளையவன் முறை வந்தபோது, "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டு முடித்ததும் அவனே தாளை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தான்.

எல்லாத் தவறுகளிலும் பெரியது அந்த இரண்டாவது கேள்விதான் என்று இப்போது நினைக்கிறேன். பழைய டி-ஸ்கோர் முறையில் மற்ற பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதும் நம் பிள்ளையின் புள்ளியைப் பாதித்தது. 2021இல் ஏஎல் முறை (ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை ஓர் அடைவுநிலை) வந்த பிறகு அப்படி இல்லை. 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஏஎல் 1, 85 முதல் 89 வரை ஏஎல் 2 என்று வரையறை முன்கூட்டியே இருக்கிறது. நான்கு பாடங்களின் ஏஎல்களைக் கூட்டினால் 4 முதல் 32 வரை ஒரு புள்ளி வரும். குறைந்த எண்தான் நல்லது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு எடுத்தாலும் நம் பிள்ளையின் புள்ளி மாறாது.

"கவனமா எழுதியிருந்தா ஒரு ஏஎல் ஏறியிருக்கும்" என்று துருவுவதும் வீண். 45 எடுத்தாலும் 64 எடுத்தாலும் ஏஎல் 6தான். முடிவுத் தாளில் மதிப்பெண்ணே இருக்காது. எத்தனை மதிப்பெண்ணில் தவறியது என்று நமக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஏன் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்?

அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குழு. நல்ல புள்ளியோ மோசமான புள்ளியோ, பிள்ளையைக் கேட்காமல் அதில் போடாதீர்கள். முதலிடம் பெற்ற மாணவர்களின் பெயர்களை வெளியிடுவதைக் கல்வி அமைச்சே 2012இல் நிறுத்திவிட்டது. தாத்தா பாட்டியிடம் பிள்ளையே போன் செய்து சொல்லட்டும், சொல்லத் தோன்றும்போது.

உயர்நிலைப்பள்ளிகளைத் தேர்ந்தெடுக்க ஏறக்குறைய ஒரு வாரம்தான் கிடைக்கும். அழுகையும் கோபமும் அந்த வாரத்தைத் தின்றுவிட்டால், அவசரத்தில்தான் பட்டியல் தயாராகும்.

உறவினர்கள் இன்னும் உயர்நிலைப்பள்ளியின் பழைய படிப்புப் பிரிவுகளை வைத்து, "எக்ஸ்பிரஸா, நார்மலா?" என்றுதான் கேட்கிறார்கள். 2024இல் உயர்நிலை 1க்குப் போனவர்களிலிருந்து அந்தப் பிரிவுகளே இல்லை. இப்போது இருப்பவை, புள்ளியைப் பார்த்துப் பள்ளியில் சேர்ப்பதற்கான மூன்று போஸ்டிங் குரூப்கள். 4 முதல் 20 வரை மூன்றாவது குரூப், 23உம் 24உம் இரண்டாவது குரூப், 26 முதல் 30 வரை முதல் குரூப் (இதற்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்தது ஏஎல் 7 வேண்டும்). 21, 22 எடுத்தவர்கள் மூன்றாவதையோ இரண்டாவதையோ தேர்ந்தெடுக்கலாம். 25 எடுத்தவர்களுக்கு இரண்டாவது, முதலாவது என்ற தேர்வு உண்டு. இதைப் பழைய பிரிவுகளுக்குப் புதுப் பெயர் என்று எடுத்துக்கொள்வது தவறு. குரூப் என்பது உள்ளே போகும் வாசல்; பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 என வெவ்வேறு நிலைகளில் படிக்கலாம் (ஜி3தான் மிகக் கடினமானது). ஒரு பிள்ளை தமிழில் ஏஎல் 3, ஆங்கிலத்தில் 6, கணிதத்திலும் அறிவியலிலும் தலா 7 எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 23, இரண்டாவது குரூப். ஆனால் ஒரு பாடத்தில் ஏஎல் 5 அல்லது அதைவிட நல்ல நிலை இருந்தால் அதை ஜி3இல் படிக்கலாம் என்பதால், தமிழை அந்தப் பிள்ளை முதல் ஆண்டிலேயே ஜி3இல் தொடங்கலாம். வகுப்பில் எல்லாக் குரூப் மாணவர்களும் கலந்தே உட்காருவார்கள். இதைப் பிள்ளையிடம் நிதானமாக விளக்கிச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

விருப்பப் பட்டியலில் ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்தும்போதும் குழப்பம் வரும். "முதல் தெரிவாகப் போட்டால்தான் கிடைக்கும்" என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் முதலில் பார்ப்பது புள்ளியைத்தான். கடைசி இடத்துக்கு ஒரே புள்ளியில் பலர் போட்டியிட்டால்தான் குடியுரிமை, அதற்குப் பிறகு தெரிவு வரிசை, அதிலும் சமன் என்றால் கணினிக் குலுக்கல். இணைப்புப் பள்ளிக்கு (பிள்ளை படித்த தொடக்கப்பள்ளியோடு இணைந்த உயர்நிலைப்பள்ளி) மட்டும் விதி வேறு: இணைப்பு முன்னுரிமை வேண்டுமென்றால் அதை முதல் தெரிவாகவே போட வேண்டும்.

ஆறையும் எட்டாத பள்ளிகளாலேயே நிரப்புகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலையாக இருக்கும். சென்ற ஆண்டின் கட்-ஆஃப் என்பது அந்தப் பள்ளியில் கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி. இந்த ஆண்டு அது மாறலாம். ஆகவே பிள்ளையின் புள்ளி கட்-ஆஃபைவிட நன்றாக இருக்கும் பள்ளிகள் குறைந்தது இரண்டு மூன்று பட்டியலில் இருக்கட்டும். ஆறிலும் இடம் கிடைக்கவில்லை என்றால், வீட்டுக்கு அருகே காலியிடம் உள்ள ஏதோ ஒரு பள்ளிக்கு அனுப்பப்படுவார்கள். நாம் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய ஒன்றை நாமே கைவிட்டதாக ஆகிவிடும்.

தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பள்ளியிலேயே தமிழ் சொல்லித் தருகிறார்களா? சில உயர்நிலைப்பள்ளிகளில் கிடையாது. அப்படியானால் பிள்ளை பள்ளி முடிந்து உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற நிலையத்துக்குப் போய் வர வேண்டியிருக்கும். அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நண்பர்களும் கிடைப்பார்கள். ஆனால் அந்த நாட்களில் இணைப்பாட நடவடிக்கை என்ன ஆகும், எத்தனை மணிக்கு வீடு திரும்பும் என்று இப்போதே கணக்குப் போடுங்கள். முன்பு உயர்தமிழ் (கூடுதல் நிலைத் தமிழ்ப் பாடம்) படிக்க மொத்தப் புள்ளியையும் பார்த்தார்கள். 2026 முதல் மொத்தப் புள்ளி எதுவானாலும், தமிழில் ஏஎல் 1, 2 எடுத்திருந்தாலோ உயர்தமிழில் டிஸ்டிங்ஷன், மெரிட் பெற்றிருந்தாலோ வாய்ப்பு உண்டு. மொத்தப் புள்ளி அவ்வளவு நன்றாக இல்லையென்று அந்த வாய்ப்பை விசாரிக்காமலே விட்டுவிடாதீர்கள்.

பள்ளிக்குப் போகும் தூரத்தை வரைபடத்தில் பார்ப்பது போதாது. ஒரு காலை, பள்ளி நேரத்துக்கே பிள்ளையோடு கிளம்பிப் பாருங்கள். முதலிடத்தில் எழுதி வைத்திருந்த பள்ளிக்கு நானும் இளையவனும் போனோம். ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து நிமிடத்தில் போன பேருந்து, திங்கட்கிழமை காலை ஐம்பது நிமிடம் எடுத்தது. நிற்கத்தான் இடம் இருந்தது. மூன்றாவதாக எழுதி வைத்திருந்த பள்ளியை அவனே முதலிடத்துக்கு மாற்றினான்.

டிசம்பர் விடுமுறை முழுவதையும் உயர்நிலை 1 துணைப்பாடத்தில் நிரப்புவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஓராண்டு முழுக்க ஓடிய பிள்ளை தூங்கட்டும். தனியாகப் பேருந்து ஏறவும், நேர அட்டவணையைப் பார்த்துப் பை அடுக்கவும், புரியாததை ஆசிரியரிடம் கேட்கவும் பழகினால் ஜனவரிக்கு அது போதும். முதல் தவணையில் மதிப்பெண் கொஞ்சம் இறங்கலாம். பாடங்கள் கூடியிருக்கும், ஆசிரியர்கள் புதியவர்கள், பழைய நண்பர்கள் பக்கத்தில் இல்லை. அப்போது பிஎஸ்எல்இயை இழுத்துப் பேசாதீர்கள்.

சோகம் சில நாள் இருப்பது இயல்பு. ஆனால் வாரங்கள் கடந்தும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது என்றால், "போகப் போகச் சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம். பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள். தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள் தாங்களே அழைத்துப் பேச டிங்கிள் ஃபிரெண்ட் இருக்கிறது, எண் 1800-2744-788. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஒருமுறை வந்தாலும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள், பெற்றோரும் அழைக்கலாம்.