மூக்கில் வடிந்தது தடிமன் அல்ல

மாமாவுக்கு மூளையின் அடியில் இருந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்துப் பன்னிரண்டாம் நாள். கொழும்பு வைத்தியசாலையில் டிக்கெட் வெட்டி, வேன் பிடித்து மட்டக்களப்பு ஆரையம்பதிக்குக் கூட்டிவந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. காலையில் படலையின் கீழ்க்கொண்டியைப் போடக் குனிந்தவரின் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்தது. பயணத்தில் பிடித்த தடிமன் என்று தீர்ப்புச் சொன்னவன் நான்தான். மாமி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். ஆவியும் பிடிக்க வைத்தோம். தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்று அவர் இரண்டு தடவை சொன்னார். கடற்காற்று என்றோம்.

வடிந்தது சளி அல்ல. மூளைய முண்ணாண் பாய்பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, மூளையைச் சுற்றி நிற்கும் அந்த நீர்.

உண்மையில் முதல் தவறு இதற்கெல்லாம் முன்பே நடந்துவிடுகிறது. "புற்றுநோய் இல்லையாம், தலையைத் திறக்கவும் மாட்டார்களாம், மூக்கு வழியாகத்தானாம்" என்று கேட்டவுடன் வீட்டில் பாதிப் பயம் போய்விடுகிறது. கட்டி சாதுவா என்பது ஒரு கேள்வி, அது எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி. மண்டையோட்டின் அடித்தளம் என்பது மூளை உட்கார்ந்திருக்கும் எலும்புத் தட்டு. மணம், பார்வை, கேட்டல், முக அசைவு, விழுங்குதல் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் 12 சோடி நரம்புகளும், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடிகளும் அந்தத் தட்டின் துளைகள் வழியாகத்தான் போய் வருகின்றன. அங்கே வரும் மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டி, ஹோர்மோன் சுரக்கும் கபச் சுரப்பியில் வரும் கட்டி, செவி நரம்புக் கட்டி ஆகியவை பெரும்பாலும் சாதுவானவைதான். சாதுவான மாடும் ஒழுங்கைக்குக் குறுக்கே படுத்தால் வழி அடைபடும்.

ஆகவே, "உயிருக்கு ஆபத்து இருக்கிறதா டொக்டர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். கட்டிக்கு மிக அருகில் எந்த நரம்பு இருக்கிறது, முழுவதையும் எடுக்கப் போகிறார்களா என்று கேளுங்கள். நாடியோடு ஒட்டிய துண்டை விட்டுவைத்துப் பிறகு கதிர்ச் சிகிச்சை கொடுப்பது, வேண்டுமென்றே எடுக்கும் நல்ல முடிவாக இருக்கலாம். அதை "அரைகுறையாக விட்டுவிட்டார்கள்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவது நியாயமில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின், வார்ஃபரின் முதல் நாட்டு வைத்தியரின் கசாயம் வரை எதைக் குடித்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிறுத்துவதும் அவர்கள் சொல்லும் நாளில்தான்.

நீர்க்கசிவுக்கு வருகிறேன். கட்டி எடுத்த வழியை வயிற்றுக் கொழுப்பு, தொடைத் தசையுறை, மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வு என்று கிடைத்ததைக் கொண்டு ஒட்டி மூடுகிறார்கள். நடுச்சுவர்ச் சவ்வை அதன் இரத்த ஓட்டத்தோடு திருப்பிப் போட்டு மூடும் முறை 2006-இல் வெளியானபின் கசிவு வெகுவாகக் குறைந்தது. ஒழிந்துவிடவில்லை. நம் உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் அரை லீற்றர் இந்த நீரைச் சுரக்கிறது, ஒட்டு நெகிழ்ந்தால் அது வழி தேடும். தண்ணீர் போலத் தெளிவாக, பெரும்பாலும் ஒரு பக்க மூக்கில், குனிந்தால் கூடுதலாகச் சொட்டும். தொண்டையில் இறங்கினால் உப்புக் கரிக்கும். எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலியும் வரலாம். சிறு போத்தலில் பிடித்துக் கொடுத்தால் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற பரிசோதனை சந்தேகத்தைத் தீர்க்கும். நீர் வெளியே வரும் வழி கிருமி உள்ளே போகும் வழியும்தான். காய்ச்சல், கழுத்து இறுக்கம், வெளிச்சம் பார்க்க முடியாமை, பேச்சுத் தடுமாற்றம் இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அது மூளையுறை அழற்சியாக இருக்கலாம்.

ஒட்டை நெகிழ வைக்கும் வேலைகளை நாமே செய்கிறோம். மூக்கைச் சிந்துவது, தும்மலை வாயை மூடி அடக்குவது, கிணற்றில் வாளி இழுப்பது, மலச்சிக்கலோடு முக்குவது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மலமிளக்கி தந்திருந்தால் அதையும் மற்ற மருந்தைப் போலவே ஒழுங்காகக் குடிக்க வேண்டும். மூக்கில் நல்லெண்ணெய் விடுகிறேன் என்று வரும் உறவினரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். விமானப் பயணம் என்றால் நிபுணர் சரி சொல்லும்வரை நினைக்கவே வேண்டாம், மண்டைக்குள் தங்கிய காற்று உயரத்தில் விரியும்.

கபச் சுரப்பிப் பக்கம் கட்டி இருந்தவர்களுக்கு இன்னொரு கண்ணி. நம்மூர் வெயிலில் எல்லோரும்தான் தண்ணீர் குடிக்கிறோம், அதனால் நோயாளி போத்தல் போத்தலாகக் குடிப்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரிவதில்லை. சிறுநீரும் தண்ணீர் நிறத்தில், இரவில் பல தடவை போகிறது என்றால் அது வெயில் அல்ல, உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும் ஹோர்மோன் குறைந்திருக்கலாம். இதற்கு நேர் எதிரானது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், இரத்தத்தில் சோடியம் இறங்குவது. தலைவலி, குமட்டல், சோம்பல், குழப்பம், கடைசியில் வலிப்பு. "களைப்பு, படுக்கட்டும்" என்று விட்டுவிடுவோம், தெம்புக்கு இளநீரை வெட்டி வெட்டிக் கொடுப்போம், அது சோடியத்தை இன்னும் இறக்கலாம். குடித்த அளவையும் போன அளவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியும் ஓர் இரத்தப் பரிசோதனையும் இருந்தால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்தது.

உடம்பு சுரக்காமல் விட்ட ஹோர்மோனுக்குப் பதிலாகத் தரும் ஹைட்ரோகோர்ட்டிசோன் குளிசையை "சூடு, உடம்பு ஊதும்" என்று தாமாக நிறுத்துவது உயிராபத்து. அதைவிட நுட்பமான தவறு ஒன்று இருக்கிறது. காய்ச்சலும் வாந்தியும் வரும்போது இந்தக் குளிசையின் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தியில் வெளியே போனால் ஊசியாகப் போட வேண்டும். மாரி மழையோடு டெங்கு வரும் மாதங்களில், காய்ச்சல்காரர் வரிசையில் இவரும் ஒருவராக உட்கார்ந்திருப்பார். குளிசை விஷயத்தை முதலில் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அம்மன் சடங்குக்கு விரதம் இருப்பவர்களும், காத்தான்குடியிலும் கல்முனையிலும் நோன்பு பிடிப்பவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது.

செவி நரம்புக் கட்டி எடுத்தவருக்கு முகம் ஒரு பக்கம் தொங்கினால் வீட்டார் வாய்க் கோணலைப் பார்த்து அழுவார்கள், மூடாத கண்ணைக் கவனிக்க மாட்டார்கள். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் நாட்களில் அந்தக் கண் காய்ந்து கருவிழி புண்ணாகிவிடும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு பூசி இமையை ஒட்டிவிடுவது என்பதெல்லாம் சின்ன வேலைகள்தான். தண்ணீர் குடிக்கையில் இருமுகிறார் என்றால் விழுங்கும் நரம்பு சோர்ந்திருக்கலாம். வற்புறுத்திப் பருக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

மாமாவின் கதையில் நீர் வடியத் தொடங்கி மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. பக்கத்து வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் நான் "தடிமன், காய்ச்சல்" என்றுதான் சொன்னேன், தடிமன் மருந்துதான் கிடைத்தது. வைத்தியரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? என்ன சத்திரசிகிச்சை என்று எழுதிய டயக்னோசிஸ் அட்டை வீட்டு அலுமாரியில் சேலைக்கடியில் இருந்தது. அன்றிரவு அவர் பெயர் மாற்றிக் கூப்பிடத் தொடங்கியபிறகுதான் 1990 அம்புலன்ஸுக்கு அழைப்பு எடுத்தோம். இந்த முறை மாமி முந்திக்கொண்டு, "மூளையில் கட்டி எடுத்தவர், மூக்கால் தண்ணீர் வடிகிறது" என்றார். அந்த ஒரு வசனத்தில் எல்லாம் வேகம் பிடித்தது. திரும்பவும் கொழும்பு, திரும்பவும் ஓர் ஒட்டு, மூன்று வாரம் வைத்தியசாலை விடுதி.

இப்போது அந்த அட்டை பொலித்தீன் பையில் கலண்டர் ஆணியில் தொங்குகிறது, விடுதியின் தொலைபேசி இலக்கம் மேலேயே பெரிதாக எழுதியபடி. படலைக் கொண்டியை மாமா மார்பளவு உயரத்துக்கு மாற்றி அடித்துவிட்டார்.